ஜாங்கோவில் மூன்று ஆப்களுக்கும் பொதுவான நிரலை எங்கே வைப்பது?

பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் உருவாகி, 2005 ஜூலையில் எல்லோருக்கும் கிடைத்தது. ஆகவே நாமும் ஒரு செய்தித் தளத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் செய்திகள், படங்கள், நிகழ்ச்சிகள் என மூன்று ஆப்கள், அதாவது தளத்தின் ஒவ்வொரு பகுதிக்குமான நிரல் தொகுப்புகள். மூன்றின் மாடல்களிலும் (தரவுத்தள அட்டவணையை விவரிக்கும் கிளாஸ்களிலும்) 'உருவான நேரம்', 'திருத்திய நேரம்' என்ற இரண்டு புலங்கள் அப்படியே திரும்பத் திரும்ப வருகின்றன.

படி 1: ஸ்டார்ட்ஆப் கட்டளையைக் கொண்டு 'கோர்' என்றொரு ஆப்பை உருவாக்கி, செட்டிங்ஸ் கோப்பின் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் சேருங்கள். 'யூடில்ஸ்' என்ற பெயர் வேண்டாம். அந்தப் பெயர் இருந்தாலே கண்டதையும் தூக்கிப் போடும் பரணாகிவிடும்.

படி 2: கோரின் மாடல்ஸ் கோப்பில் ஒரு கிளாஸ் எழுதி, அந்த இரண்டு புலங்களையும் அதில் வையுங்கள். முதலாவதற்கு, உருவாகும்போது மட்டும் நேரத்தைத் தானே பதியும் 'ஆட்டோ நவ் ஆட்'; இரண்டாவதற்கு, ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் பதியும் 'ஆட்டோ நவ்'. அதற்குள் எழுதும் 'மெட்டா' என்ற உள் கிளாஸில் 'ஆப்ஸ்ட்ராக்ட் = ட்ரூ' என்ற வரியை மறக்கவே கூடாது. அந்த வரி இருந்தால் இந்தக் கிளாஸுக்கெனத் தனி அட்டவணை உருவாகாது. புலங்கள் ஒவ்வொரு மாடலின் அட்டவணையிலும் போய் அமரும். விட்டுவிட்டால் தரவுத்தளத்தில் தனி அட்டவணை முளைக்கும். பிறகு ஒரு செய்தியை எடுக்கவே இரண்டு அட்டவணைகளை இணைக்க வேண்டியிருக்கும்.

படி 3: மூன்று மாடல்களும் இந்தக் கிளாஸிலிருந்து வரும்படி மாற்றி, பழைய புலங்களை நீக்குங்கள். மாடல்களில் வந்த மாற்றங்களைத் தரவுத்தளத்துக்காகக் குறித்துவைக்கும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை இயக்குங்கள். புலங்களின் பெயரும் அமைப்பும் முன்பு இருந்தபடியே இருந்தால், மாற்றம் எதுவும் இல்லை என்று பதில் வரும். பயப்பட வேண்டாம், அதுதான் சரியான பதில். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 'ஆட்டோ நவ்' சேவ் செய்யும்போதுதான் வேலை செய்யும். பல பதிவுகளை 'அப்டேட்' கொண்டு கொத்தாக மாற்றினால் நேரம் மாறாது.

படி 4: தேதியைத் தமிழில் காட்டும் ஃபில்டர் போன்று, பக்க வார்ப்புருக்களில் (டெம்ப்ளேட்) பயன்படுபவற்றைக் கோரின் 'டெம்ப்ளேட்டேக்ஸ்' கோப்புறையில் வையுங்கள். புதிய கோப்பைச் சேர்த்ததும் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள்.

இனி, நான் ஒரு மாலைப்பொழுதையே இழந்த இடம். அண்மைச் செய்திகள் ஐந்தை எடுத்துத் தரும் ஃபங்ஷனைக் கோரில் எழுதினேன். அதற்காகக் கோர், செய்திகள் ஆப்பின் நிரலை இம்போர்ட் செய்தது, அதாவது தனக்குள் வரவழைத்தது. செய்திகளோ ஏற்கெனவே கோரை இம்போர்ட் செய்துகொண்டிருந்தது. ஒன்று முழுதாக ஏறுவதற்குள் மற்றொன்று அதைக் கேட்க, பிழை வந்து சர்வர் எழவே இல்லை. அந்த ஃபங்ஷனுக்கு உரிய இடம் செய்திகள் ஆப்தான். அங்கே மாற்றியதும் சரியானது. மற்ற ஆப்கள் கோரைக் கேட்கலாம், கோர் எந்த ஆப்பையும் கேட்கக் கூடாது.

ஒரே ஓர் ஆப்புக்கு மட்டும் பயன்படும் நிரலையும் முன்கூட்டியே இங்கே கொண்டுவராதீர்கள். இரண்டாவது ஆப் கேட்கும்போது நகர்த்தினால் போதும்.

எல்லாம் முடிந்தபின் கோரின் கோப்புகளில் உள்ள இம்போர்ட் வரிகளை மட்டும் தேடிப் படியுங்கள். மூன்று ஆப்களில் எதன் பெயராவது அங்கே தென்பட்டால், அந்த வரி எந்த ஃபங்ஷனுக்காக வந்ததோ அதை உரிய ஆப்புக்கே திருப்பி அனுப்புங்கள்.