தோலை விளக்கில் காட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாங்காய் சீசனில் அத்தையைக் கிருஷ்ணகிரியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். காவேரிப்பட்டினம் பக்கம் தோப்பு. காம்பை ஒடிக்கும்போது பீய்ச்சிய பால் பட்டு முன்கை கருத்திருந்தது. ஆனால் அவர் பயந்தது கழுத்திலிருந்த வெளிறிய திட்டுக்குத்தான். "வெறும் கழுத்தோட எப்படி கண்ணு போறது?" என்று மஞ்சளைக் குழைத்துப் பூசி, மேலே தேங்காய் எண்ணெயும் தடவியிருந்தார். டாக்டர் அறையை இருட்டாக்கி, வுட்ஸ் விளக்கைக் கழுத்தருகே கொண்டுவந்தார். கழுத்து முழுக்கப் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. "மஞ்சள்தாம்மா தெரியுது. எதுவும் பூசாம நாலு நாள் கழிச்சு வாங்க." ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

அந்த விளக்கு விடுவது சுமார் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி. வெண்புள்ளி அதில் பளிச்சென்று நீலம் கலந்த வெள்ளையாகத் தெரியும், தேமல் மஞ்சளாக மினுங்கும். மஞ்சள் தூளும் சில களிம்புகளும் தாமாகவே ஒளிரும் என்பதுதான் சிக்கல். அதற்காகப் புறப்படும்போது சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவதும் தப்பு, தேமலின் மினுக்கம் அதோடு போய்விடும். பூச்சை நாலு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். காலையில் அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடுங்கள்.

விளக்கில் ஒளிரவில்லை என்றால் படர்தாமரை இல்லை என்று நினைப்பது இன்னொரு தவறு. உடம்பில் வரும் படர்தாமரை பெரும்பாலும் ஒளிராத வகைப் பூஞ்சையால் வருவது. அதற்குச் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவினால் செதில் கண்ணுக்கே தெரியாமல் படிந்துவிடும். சுமார் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பிலும் அப்படித்தான். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு இதைவிட மோசம். அரிப்பு அடங்கும், வட்டத்தின் விளிம்பு கலைந்துவிடும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். பூசியிருந்தால் மறைக்க வேண்டாம், அந்த டியூபையே கையில் எடுத்துப் போங்கள்.

பாதத்தைக் காட்டாமல் வருவதுதான் எனக்குப் பெரிய கவலை. நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று அரிதுதான், ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகம் என்றுதான் அதிகம் வரும். முள் குத்தின கறை என்று விட்டுவிடுவோம். உள்ளங்கால் ரேகையை டெர்மாஸ்கோப்பில் பார்த்தால் உழுத காடு மாதிரி இருக்கும். சாதாரண மச்சத்தின் கருப்பு பெரும்பாலும் சாலுக்குள் ஓடும். வரப்பின் மேல் ஓடினால் டாக்டர் உஷாராகிவிடுவார். தலைச்சாயம் உள்ளங்கையில் பட்டால் அதுவும் வரப்பின் மேல்தான் ஒட்டும். அதனால் சாயம் போட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், "ஸ்கேன் பண்ணியாச்சே, சதை எதுக்கு எடுக்கணும்?" என்ற கேள்வி. ஒளி ஆழமாகப் போகாது. தோலை வெட்டாமலே செல்களைக் காட்டும் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் சுமார் 0.2 மில்லிமீட்டர், ஓசிடி எனப்படும் ஒளி ஸ்கேன் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை பார்க்கும். அதற்குக் கீழே இருப்பதை, துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் சொல்லும். திட்டில் உணர்ச்சி மங்கியிருக்கிறதா என்பதையோ எந்த ஒளியும் சொல்லாது. அப்படி உணர்ச்சி மங்குவது தொழுநோயின் அடையாளம். மரத்த மாதிரி இருந்தால் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும்.

நாலு நாள் கழித்து அத்தை வெறும் கழுத்தோடு வந்தார். டாக்டர் முதலில் பஞ்சால் திட்டைத் தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். "நல்லாத் தெரியுது சார்." பிறகுதான் விளக்கைப் போட்டார். திட்டு மட்டும் மங்கலான மஞ்சளாக மினுங்கியது. தேமல்.