கட்டுரைப் போட்டியில் நடுவர் எதைப் பார்க்கிறார்?

சேலத்தைப் பற்றி எழுதும்போது "ஏழைகளின் ஊட்டி ஏற்காடு" என்று தொடங்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்.

தலைப்பு "எங்கள் ஊர்த் தொழில்" என்றால் மாம்பழம், கொலுசு, இரும்பாலை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணிக்க வேண்டாம். எதுவும் மனதில் நிற்காது. ஒன்றை எடுங்கள். ஜவ்வரிசி ஆலை என்றால் நேரில் போய்ப் பாருங்கள்: குச்சிக்கிழங்கை (மரவள்ளியை)த் தோல் நீக்கி அரைக்கிறார்கள், கிழங்குப் பாலைத் தொட்டியில் தெளிய விடுகிறார்கள், அடியில் படிந்த மாவைக் குலுக்கி உருட்டுகிறார்கள். வாசலிலேயே மூக்கில் ஏறும் புளித்த வாடையை எழுதினால், இவர் போய்ப் பார்த்திருக்கிறார் என்று நடுவருக்குப் புரிந்துவிடும். மதிப்பெண் அங்கேதான் கூடுகிறது.

1 மணி நேரம் தந்தால் 10 நிமிடம் குறிப்புக்கு, 40 எழுத, மீதி 10 திருத்த. பலர் திருத்தும் நேரத்தையும் எழுதியே தீர்த்து, முடிவைப் பாதியில் விடுகிறார்கள். ல, ள, ழ மயக்கமும் ஒற்றுப்பிழையும் அந்த 10 நிமிடத்தில்தான் கண்ணில் படும். பிழையை ஒரே கோட்டால் அடியுங்கள், கிறுக்க வேண்டாம்.

பொன்மொழி ஒன்று போதும். கலாம் சொன்னாரா என்று உறுதியில்லையா, அதுவும் வேண்டாம்.

வரம்பு 600 சொல் என்றால் 550-ல் முடியுங்கள். பெயரை விதி சொன்ன இடத்தில் மட்டும் எழுதுங்கள். விடைத்தாளுக்குள் எழுதினால் சில போட்டிகளில் படிக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள்.