லென்ஸ் சோதிக்க ஒரு பத்திரிகைத் தாளும் கறுப்புக் குடையும்

படம் பளிச்சென்று இருந்தால் உடனே ‘ஷார்ப்பான லென்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். பளிச்சென்று காட்டுவது கொன்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம். நுண்விவரம் வேறு கதை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வெள்ளவத்தையில் என் வாடகை அறையே போதுமாக இருந்தது. லென்ஸ் இரண்டும் 50 மிமீ: ஒன்று புதியது, மற்றது சித்தப்பாவின் பழையது.

தமிழ்ப் பத்திரிகையின் இரட்டைத் தாளைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சிறு விளம்பரப் பக்கம் உத்தமம். தாள் முழுவதும் படத்தில் நிறையும் தூரத்தில் ட்ரைபொடை நிறுத்துங்கள். கமரா நேராகப் பார்க்கிறதா என்று அறிய, தாளின் நடுவில் ஒரு சின்ன முகக்கண்ணாடியைச் சுவரோடு அழுத்திப் பிடியுங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவில் விழுந்தால் சரி. முதல் தடவை இதைச் செய்யாமல், புதிய லென்ஸின் ஒரு மூலை மங்கல் என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ரோ ஃபைல் (கமரா மெருகேற்றாத படம்), 2 செக்கன் டைமர், ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) ஓஃப். வியர்த்தாலும் ஃபேனை நிறுத்துங்கள், தாள் ஆடும். லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கையாலேயே போகஸ் செய்து லென்ஸின் துளை அளவு எஃப் 2, 2.8, 5.6, 8, 16 (எண் கூடக்கூடத் துளை சிறிது) ஒவ்வொன்றிலும் மூன்று படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் போகஸைக் கலைத்துத் திரும்பப் பிடியுங்கள்.

அப்புறம் கணினியில் 100 வீதத்தில் திறந்து ‘ண’வைத் தேடுங்கள். மூன்று சுழியும் பிரிந்து நிற்கின்றனவா, ஒரே மைப்பொட்டாக அப்பிவிட்டனவா? நடுவில் ஒரு ‘ண’, மூலையில் ஒரு ‘ண’. எஃப் 16இல் இரண்டு லென்ஸுமே மழுங்கும். சின்னத் துளையில் ஒளி பரவுவதால் வருவது அது.

கொன்ட்ராஸ்டுக்குக் குடை. பகலில் ஜன்னல் கம்பியில் மாட்டி, வெளிச்சத்துக்கு எதிராக, ஒரே எக்ஸ்போஷரில் இரண்டு லென்ஸாலும் எடுங்கள். புதியதில் குடை கறுப்பாகவே இருந்தது; பழையதில் சாம்பல் பூத்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சணம், கொழும்பு ஈரக்காற்றின் சீதனம். ஆனால் அதே லென்ஸின் பத்திரிகைப் படத்தில் கொன்ட்ராஸ்ட் ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றியதும் ‘ண’வின் சுழிகள் புதியதைவிடத் தெளிவாக எழுந்து நின்றன! லென்ஸ் கோடுகளை எவ்வளவு தெளிவாகக் காட்டும் என்று நிறுவனங்கள் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடத்திலும் இதே இரட்டைக் கணக்குத்தான்: மிமீக்கு 10 கோடு கொன்ட்ராஸ்டுக்கு, 30 கோடு நுண்விவரத்துக்கு.

வெளியே சோதிக்க ஆசையா? புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளை வரிகள் அருமை. விடிந்த கையோடு போங்கள். தார் சூடேறிவிட்டால் காற்று நெளிந்து நல்ல லென்ஸையும் கெட்டதாகக் காட்டும்.