ரேஞ்ச்ஃபைண்டருக்கு வைடு லென்ஸ் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவர்கள் வைடு லென்ஸ் விஷயத்தில் ஏமாறுவதில் முக்கால்வாசி, லென்ஸை மட்டும் பார்த்து வாங்குவதால்தான். உள்ளே கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராவில் அப்படி வாங்கலாம், தப்பில்லை. அங்கே லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், எதை மாட்டினாலும் அது காட்டுவது அப்படியே கண்ணுக்கு வந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் ஒரு பக்கம், நாம் கண் வைக்கிற ஜன்னல் இன்னொரு பக்கம். 21 மி.மீ. மாட்டினாலும் 50 மி.மீ. மாட்டினாலும் (எண் குறையக் குறைய அகலம் கூடும்) ஜன்னல் மாறாது. ஆகவே எந்த லென்ஸ் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், கையில் இருக்கிற பாடியின் ஜன்னல் எவ்வளவு அகலம் காட்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம். தாத்தா காலத்துப் பீரோவில் இருந்து எடுத்த யாஷிகா எலக்ட்ரோ 35, கேனோனெட் மாதிரி கேமராக்களுக்கு வைடு லென்ஸ் தேடுகிறவர்கள் உண்டு. அவற்றில் லென்ஸ் கழலாது. எலக்ட்ரோவில் 45 மி.மீ., கேனோனெட் க்யூஎல்17-இல் 40 அல்லது 45, மாடலைப் பொறுத்து. முன்னால் திருகி மாட்டுகிற வைடு துணை லென்ஸ் யாஷிகாவே விற்றது, ஆனால் அதைப் போட்டாலும் 38-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். அதற்குச் செலவழிப்பதை விட இன்னும் ரெண்டு ரோல் வாங்கி, ஓர் அடி பின்னால் நகர்ந்து எடுக்கலாம்.

ஜன்னலைப் பார்க்காமல் வாங்குவது

லைக்கா எம்3 1954-இல் வந்த கேமரா, இன்றைக்கும் பலருக்குக் கனவு. அதில் 50, 90, 135 மூன்றுக்குத்தான் ஃப்ரேம்லைன், அதாவது படத்தில் எதுவரை விழும் என்று ஜன்னலில் காட்டுகிற கோடு, இருக்கிறது. 35-க்கே கிடையாது. எம்3-க்கென்றே ஜன்னலுக்கு முன்னால் வரும்படி கண்ணாடி மாட்டிய 35 மி.மீ. லென்ஸ்களை லைக்கா தனியாக விற்றது அதனால்தான். எம்2-வில் 35 வந்தது. 28-க்கு 1980-இல் வந்த எம்4-பி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எம்6-இலும் 28 உண்டு, ஆனால் அதில் ஜன்னல் 0.85 உருப்பெருக்கம் உள்ள பாடி என்றால் (இந்த எண் கூடினால் ஜன்னல் காட்டுகிற அகலம் குறையும்) அங்கேயும் 28 இல்லை. ‘எம்6 தானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு 28 வாங்கியவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

இன்னும் ஒன்று, மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு. 0.72 ஜன்னலில் 28-இன் கோடு ஓரத்தோடு ஓரமாக இருக்கும். கண்ணாடி போட்ட கண்ணுக்கு நாலு மூலையும் ஒரே நேரத்தில் தெரியாது, கண்ணை உருட்டி உருட்டித்தான் பார்க்க வேண்டும். கேனன் பி-யில் 35-க்கே இந்தக் கதைதான், ஏனென்றால் அந்த ஜன்னல் முழு அளவில் காட்டுவது. அதில் 35, 50, 100 மூன்று கோடுகளும் எந்நேரமும் சேர்ந்தே தெரியும் என்பது தனித் தொல்லை. வைடுக்கென்றே ஒரு பாடி வேண்டும் என்றால் ஃபாய்க்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்4 இருக்கிறது. 0.52 உருப்பெருக்கத்தில் 21, 25, 28, 35, 50 எல்லாம் உள்ளேயே தெரியும். வைடு மட்டுமே எடுப்பேன் என்கிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃபெட், ஸோர்க்கி என்றால் 50-க்கான ஜன்னல் மட்டும்தான், அதற்கு மேல் எல்லாம் மேலே செருகுகிற தனி வியூஃபைண்டர். அந்த வியூஃபைண்டரின் விலையையும் லென்ஸ் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், சில சமயம் அதுவே லென்ஸில் பாதி விலை சொல்லும்.

தனி வியூஃபைண்டர் வைத்து எடுப்பது என்பது இரண்டு ஜன்னல் வேலை: ஒன்றில் ஃபோகஸ், இன்னொன்றில் ஃப்ரேம். காசிமேடு மீன் துறைமுகத்தில் ஏலம் நடக்கும்போது கூடைக்காரம்மா குனிந்து நிமிர்வதற்குள் இந்த இரண்டையும் செய்து முடிக்க முடியாது. அங்கே முன்கூட்டியே தூரத்தை வைத்துவிட வேண்டும். ஒரு முறை 21 மாட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒரு அம்மா நண்டுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “இன்னும் எவ்ளோ கிட்ட வருவ தம்பி, கூடைக்குள்ளயே வந்துடு” என்றார். 21-இன் உண்மையான விலை அதுதான். ஆள் ஃப்ரேமில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் அவ்வளவு கிட்டே போக வேண்டும்.

எந்த எண் என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள், பேரை வைத்து அல்ல. ரெண்டு மீட்டர் தள்ளி நின்று படுக்கை வாக்கில் எடுத்தால் 35-இல் ரெண்டு மீட்டருக்குச் சற்றுக் கூட அகலம் விழும், 28-இல் சுமார் இரண்டரை மீட்டர், 21-இல் கிட்டத்தட்ட மூன்றரை. சௌகார்பேட்டைச் சந்தில், மின்ட் தெரு பக்கம், முதுகு ஒரு சுவரில் ஒட்டினால் எதிர்ச்சுவர் எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை நின்று பாருங்கள், பாதி குழப்பம் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், 50 ஏற்கெனவே வைத்திருப்பவர் 28 வாங்கட்டும், 35 வைத்திருப்பவர் 21-க்குப் போகட்டும். 35-ஐயும் 28-ஐயும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நடப்பவர் எதை மாட்டுவது என்று யோசித்தே வெளிச்சத்தை விட்டுவிடுவார்.

எஃப் 1.4 ஆசை

பெரிய துளை லென்ஸ் மேல் எல்லோருக்கும் ஒரு மயக்கம் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). கணக்கைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில் பளிச்சென்ற பகல் வெயில்: எஃப் 16-இல் 1/500 நொடி. பழைய லைக்காவிலும் கேனன் பி-யிலும் ஷட்டரின் உச்ச வேகம் 1/1000, ஸோர்க்கி-4-இலும் அதுவே. அதாவது எஃப் 11-க்கு மேல் திறக்க வழியில்லை. 1.4-க்குத் திறந்தால் ஆறு ஸ்டாப் அதிகம், ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும். நெகட்டிவ் ஃபிலிம் ஒன்றிரண்டு ஸ்டாப்பைப் பொறுத்துக்கொள்ளும், ஆறைப் பொறுக்காது. பகலில் நீங்கள் அந்த 1.4-ஐத் தொடவே போவதில்லை, ஆனால் அதன் எடையையும் விலையையும் நாள் முழுக்கச் சுமப்பீர்கள். போதாக்குறைக்கு, பெரிய லென்ஸும் அதன் ஹூடும் ஜன்னலின் கீழ் மூலையை மறைக்கும். வைடு என்றால் அந்த மூலையும் படத்தில்தானே இருக்கிறது.

விடியற்காலை ஏலம், பல்பு வெளிச்சம் என்றால் வேறு கதை, ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் எஃப் 2 போதும். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, அதற்கேற்பக் கூடுதல் நேரம் ‘தள்ளி’க் கழுவச் சொன்னால் ரெண்டு ஸ்டாப் கிடைத்துவிடும், 28-ஐ 1/30-இல் கையில் பிடித்தே எடுக்கலாம்.

பகலுக்குத் துளையை விட முக்கியம் லென்ஸ் மேல் இருக்கிற தூர அளவுகோல். 28-ஐ எஃப் 8-இல் வைத்து ஃபோகஸைச் சுமார் 3.3 மீட்டரில் நிறுத்தினால் 1.7 மீட்டரில் இருந்து தொடுவானம் வரை ஷார்ப். 35-இல் அதே எஃப் 8 என்றால் ஐந்து மீட்டரில் வைக்க வேண்டும், இரண்டரை மீட்டருக்கு அப்பால்தான் ஷார்ப். 21 என்றால் ரெண்டு மீட்டரை ஒட்டி வைத்துவிட்டு மறந்தே விடலாம், ஒரு மீட்டருக்கு அப்பால் எல்லாம் வந்துவிடும். இந்த அளவுகோல் தெளிவாக, இடைவெளி விட்டு எழுதியிருக்கிறதா, ஃபோகஸ் வளையத்தில் விரல் வைக்க ஒரு நாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நாக்கு இருந்தால் கேமராவைப் பார்க்காமலே, விரல் நிற்கிற இடத்தை வைத்துத் தூரம் தெரியும்.

இதோடு சேர்ந்த ஒரு தவறு: எஸ்எல்ஆர் வைடு போல மூக்குக்குக் கீழே இருக்கிற பொருளைப் பெரிதாக்கி எடுக்கலாம் என்று நினைப்பது. எஸ்எல்ஆர் 28 சாதாரணமாக 30 செ.மீ. வரை கிட்டே போகும். பாடியில் திருகி மாட்டுகிற பழைய திருகு மவுன்ட் லென்ஸ்கள் ஒரு மீட்டரில் நின்றுவிடும், லைக்காவின் எம் மவுன்ட் லென்ஸ்கள் பெரும்பாலும் 0.7 மீட்டரில். சில புது லென்ஸ்கள் இன்னும் கிட்டே திரும்பும், ஆனால் பழைய பாடியின் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது ஜன்னல் வழியாகத் தூரம் அளக்கிற அமைப்பு, அந்தத் தூரம் வரை கூடவே வராது.

கூடவே வராத லென்ஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சில வைடு லென்ஸ்கள் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணையவே இணையாது. ரஷ்ய ருஸ்ஸார் 20 மி.மீ. அப்படி, ஃபாய்க்ட்லாண்டரின் முதல் 15 மி.மீ. ஹெலியார் அப்படி, அவர்களுடைய பழைய 25 மி.மீ. ஸ்னாப்ஷாட் ஸ்கோப்பாரும் அப்படித்தான். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வைக்க வேண்டும். 15-க்கு அது பிரச்சினையே இல்லை. 25-ஐ உள்ளறையில் எஃப் 4-இல் திறந்து வைத்துக்கொண்டு மதிப்பிடுவது எனக்குப் பிடிக்காத வேலை. விற்பவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்குவது

ரேஞ்ச்ஃபைண்டரில் நடுவே கண்ணாடி ஏறி இறங்காததால் லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் போகலாம். கோடுகள் வளையாமல் நேராக விழுகிற நல்ல வைடு லென்ஸ்கள் பல இந்த வசதியில் பிறந்தவைதான். ஆனால் அதே காரணத்தால் சிலவற்றின் பின்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ரஷ்ய ஜூப்பிட்டர்-12, 35 மி.மீ. எஃப் 2.8, விலை மலிவு, படம் அருமை. ஆனால் பின்னால் உருண்டு வரும் கண்ணாடி பாடிக்குள் வெகு ஆழம் போகும். எல்லாப் பாடியும் அதை ஏற்காது. லைக்கா எம்5, சிஎல் இரண்டிலும் உள்ளே லைட்மீட்டர் ஒரு சிறு தண்டின் நுனியில் நின்றுகொண்டிருக்கும், பின்னால் நீண்ட லென்ஸ் அதில் இடிக்கலாம். உங்கள் பாடியில் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பின்மூடி ஆழமானதாக இல்லாமல் வருகிற ஜூப்பிட்டரின் பின்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், பலர் அதை அப்படியே மேசையில் வைத்திருப்பார்கள். துளை மாற்றுகிற வளையமும் முன்னால் உள்பக்கம் பதிந்திருக்கும், ஃபில்டர் மாட்டினால் விரல் போகாது.

திருகு மவுன்ட் லென்ஸை எம் பாடியில் போட அடாப்டர் வேண்டும், அதிலும் ஒரு சூட்சுமம். அடாப்டர்தான் எந்தக் கோடு தெரிய வேண்டும் என்று பாடிக்குச் சொல்கிறது. 28/90, 35/135, 50/75 என்று மூன்று வகை. 28 லென்ஸுக்கு 50/75 அடாப்டர் போட்டால் படம் நன்றாகத்தான் வரும், ஜன்னலில் தெரிகிற கோடு மட்டும் பொய்.

டிஜிட்டல்காரர் சொன்னதை நம்புவது

லென்ஸ் பற்றிப் படிப்பதில் பெரும்பகுதி டிஜிட்டல் பாடியில் சோதித்து எழுதியது. பின்கண்ணாடி ஃபிலிமுக்கு அருகில் உள்ள லென்ஸ்களில் ஓரங்களுக்கு ஒளி சாய்ந்து போய் விழுகிறது. சென்சாருக்கும் அதன் மேலிருக்கிற கண்ணாடிக்கும் அது ஒத்துவராது, ஓரம் ஊதாவாகும், மங்கும். ஃபிலிமுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸைஸின் சி பயோகான் 21 மி.மீ. எஃப் 4.5 இதற்குச் சரியான உதாரணம். டிஜிட்டலில் ஓரம் நிறம் மாறுகிறது என்று திட்டுவார்கள், ஃபிலிமில் கோடு வளைவதே தெரியாத அளவுக்குச் சுத்தமான லென்ஸ். ஓரம் கொஞ்சம் இருட்டும், உண்மைதான். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் நான் அதைக் குறையாகவே எண்ணுவதில்லை, ஸ்லைடு ஃபிலிம் போடுகிறவர்கள் மட்டும் யோசிக்கவும்.

ஆனால் எந்த லென்ஸாலும் காப்பாற்ற முடியாத வளைவு ஒன்று உண்டு, அது நம் கை. ராயபுரம் ரயில் நிலையத்தின் முன் நின்று, 1856-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் தூண்கள் முழுக்க விழ வேண்டும் என்று 21-ஐ லேசாக மேலே தூக்குங்கள். தூண்கள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். எஸ்எல்ஆரில் இது அப்போதே கண்ணில் படும். ரேஞ்ச்ஃபைண்டரின் ஜன்னல் வெறும் ஜன்னல், சாய்வு அவ்வளவாக உறைக்காது, ஸ்கேன் வரும்போதுதான் தெரியும். அதே மாதிரி 21-இன் மூலையில் நிற்கிறவர் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். எண்ணூர் புகைபோக்கிகள், ராயபுரம் தூண்கள் மாதிரி நேர்கோடு நிறைய எடுப்பவர் என்றால் மேலே செருகுகிற நீர்மட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய லென்ஸ், நம்ம ஊர்க் காற்று

நம்ம கடற்கரை ஈரத்தில் ஃபங்கஸ் வராத லென்ஸ்தான் அதிசயம். வாங்கும்போது துளையை முழுக்கத் திறந்து, ஃபோன் டார்ச்சைப் பின்பக்கத்தில் சாய்வாகப் பிடித்து முன்னால் இருந்து பாருங்கள், அப்புறம் திருப்பிப் பிடித்தும் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைத்திருந்தால் ஃபங்கஸ். மொத்தமாகப் பால் படர்ந்தது போலிருந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்தது, பல சமயம் துடைத்தால் போய்விடும், ரொம்ப நாள் விட்டிருந்தால் கண்ணாடியையே அரித்திருக்கும். ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ஒரு துளி தூசிக்குப் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், படத்தில் அது வராது. மூட்டமாக இருக்கிற லென்ஸ்தான் எண்ணூர் வெயிலில் முழுப் படத்தையும் வெளுக்கச் செய்யும். வெளிநாட்டில் இருந்து தருவிப்பதாக இருந்தால் சுங்க வரி, ஜிஎஸ்டி சேர்த்துத்தான் விலை ஒப்பிட வேண்டும். ‘சிறு மூட்டம், படத்தைப் பாதிக்காது’ என்று எழுதியிருந்தால் டார்ச் அடித்த படத்தைக் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தோல் உறைக்குள் வைக்காதீர்கள், ஃபங்கஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். துணி ஷட்டர் உள்ள லைக்கா, ஃபெட், ஸோர்க்கி வைத்திருப்பவர்கள் வெயிலில் நடக்கும்போது லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி தொங்கவிட வேண்டாம், துணியில் ஓட்டை விழும். மூடி போட்டுக்கொள்ளலாம். என்ன, மூடியோடு எடுத்தாலும் ஜன்னலில் எல்லாம் நன்றாகத் தெரியும், முப்பத்தாறும் போய்விடும். அதனால் மூடிக்குப் பதில் எஃப் 16-க்குத் துளையைச் சுருக்கி, ஃபோகஸைக் கிட்டே கொண்டுவந்து, லென்ஸைத் தரையைப் பார்க்கத் தொங்கவிடுவதே நல்லது.