கோடோ யார் என்று தேடாதீர்கள்: அபத்த நாடகம் படிக்கப் பழகுவது எப்படி

வாழ்க்கைக்கு அர்த்தம் பிடிபடாததை, வழக்கமான கதை இல்லாமல் மேடையில் காட்டுவது அபத்த நாடகம். அதைப் பற்றிய கட்டுரைகளைப் புரட்டினால் இருத்தலியல், அந்நியமாதல் என்று தலை சுற்றும். அதையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு, பென்சிலோடு நாடகத்தையே எடுங்கள். பழக ஏற்றது சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்'. பிரெஞ்சில் எழுதப்பட்டு, 1953 ஜனவரியில் பாரிஸில் மேடையேறியது. எஸ்ட்ரகன், விளாடிமிர் என்ற இருவர் கோடோ என்ற ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் நாடகம். முதல் தடவை நான் பத்துப் பக்கத்தோடு மூடிவிட்டேன். கோடோ எப்போது வருவார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு.

படி 1: அவர் வரமாட்டார் என்று தெரிந்துகொண்டே தொடங்குங்கள். இரண்டு அங்கங்களின் முடிவிலும் ஒரு சிறுவன் வந்து, இன்றைக்கு இல்லை, நாளைக்கு நிச்சயம் என்கிறான். கதையைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம், சொல்லிக் கெடுக்க இதில் கதை இல்லை.

படி 2: மேடைக் குறிப்புகளை வசனத்தைவிட நிதானமாகப் படியுங்கள். ஒரு சாலை, ஒரு மரம், மாலை நேரம். எஸ்ட்ரகன் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றப் பார்க்கிறான். இரண்டு கையாலும் இழுக்கிறான், மூச்சு வாங்குகிறது, விடுகிறான், மறுபடி இழுக்கிறான். கடைசியில், இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறான். அவன் சொன்னது பூட்ஸை. அப்போது வந்து சேரும் விளாடிமிர், அதை வாழ்க்கையைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறான். இங்கே பென்சிலால் கோடு போடுங்கள். வாழ்வின் அபத்தத்தை பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1942இல் கட்டுரையாக வாதிட்டு எழுதினார். பெக்கெட் வாதிடவில்லை, ஒருவன் காலையும் பூட்ஸையும் காட்டினார். என்னைக் கேட்டால் அந்தப் பூட்ஸ்தான் அதிகம் பேசுகிறது.

படி 3: ஒரு தாளை இரண்டாக மடித்து, இரண்டு அங்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மொட்டை மரத்தில் மறுநாள் நாலைந்து இலை. முதல் நாள் அந்த வழியே வந்து அதிகாரம் செய்த போட்சோ மறுநாள் குருடன். கயிற்றில் கட்டி அவன் ஓட்டிவந்த வேலைக்காரன் லக்கி ஊமை. சிறுவனோ, நேற்று நான் வரவே இல்லை என்கிறான். நேற்று நடந்தது நிஜம்தானா என்று விளாடிமிருக்கே பிடிமானம் இல்லாமல் போகிறது.

படி 4: நண்பர் ஒருவரோடு உரக்கப் படியுங்கள். மௌனம் என்று போட்டிருக்கும் இடத்தில் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாங்கள் இப்படிப் படித்தபோது முதல் இரண்டு மௌனங்களில் சிரிப்பு வந்தது. அப்புறம் அடுத்த வசனம் எப்போது வரும் என்று தவிப்பாக இருந்தது. அந்த இருவரும் ஏன் ஓயாமல் பேசுகிறார்கள் என்று அப்போதுதான் பிடிபட்டது.

சரி, கோடோ என்றால் கடவுளா? தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்றார் பெக்கெட். 1957இல் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் இந்த நாடகத்தைப் பார்த்தார்கள். காத்திருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படி 5: கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள். தூக்குப் போட்டுக்கொள்ளத் தாங்குமா என்று பார்க்க இடுப்புக் கயிற்றை அவிழ்த்ததில், எஸ்ட்ரகனின் கால்சட்டை கணுக்காலில் கிடக்கிறது. கயிறும் அறுந்துவிட்டது. கிளம்பலாம் என்று இருவரும் முடிவு செய்கிறார்கள், யாரும் அசைவதில்லை.

அடுத்து யூஜின் அயனெஸ்கோவின் 'மொட்டைத்தலைப் பாடகி'. தொடக்கத்திலேயே கடிகாரம் 17 முறை அடிக்கும், திருமதி ஸ்மித் மணி ஒன்பது என்பார். பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள்.