வரலாற்றுக் குறுக்கெழுத்தில் மறைவிடை அமைப்பது எப்படி?

வரலாற்றுக் குறுக்கெழுத்துப் புதிரில் மறைவிடை ஒன்றை, அதாவது மற்ற விடைகளிலிருந்து எழுத்துகளை எடுத்துச் சேர்த்தால் கிடைக்கும் விடை ஒன்றை, ஒளித்துவைக்க விரும்புவோர், கட்டங்களை வரைவதற்கு முன்பே அந்த விடையை முடிவு செய்து, அதன் எழுத்துகளைத் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். ‘அசோகர்’ என்பதை எடுத்துக்கொண்டால் அ, சோ, க, ர் என நான்கு கட்டங்கள் தேவைப்படும். மரியாதை விகுதி காரணமாக ‘ர்’ எளிதில் கிடைத்துவிடும். ஆனால் ‘சோ’ வரும் பெயர்கள் குறைவு என்பதால் ‘சோழர்’ போன்ற சொல்லை முதலில் பொருத்திவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைப்பதே நல்லது. ‘க’வுக்குக் ‘கலிங்கம்’ வேண்டாம். அந்தச் சொல்லே மறைவிடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘கனிஷ்கர்’ போதும்.

குறிப்புகளை எழுதும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ‘முகலாயப் பேரரசர்’ என்று மட்டும் எழுதினால், நான்கு கட்டங்களில் அக்பரும் பொருந்துவார், ஷாஜகானும் பொருந்துவார். ‘1556இல் 13 வயதில் அரியணை ஏறிய முகலாயப் பேரரசர்’ என்று எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை. மறைவிடைக்குரிய கட்டங்களுக்கு நிழலிட்டு, அவற்றில் 1 முதல் 4 வரை சிறிய எண்களையும் இடுங்கள். இறுதியாக, புதிரைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துத் தீர்க்கச் சொல்லுங்கள்.