செயற்கைக்கோள் தரவைக் கொண்டு புயலின் கடல்மட்டக் காற்றைக் கணிப்பது எப்படி

முதலில் மையத்தைக் குறியுங்கள். மையம் அரை டிகிரி தவறினால், பின்னால் எடுக்கும் அளவெல்லாம் தவறிவிடும். கண் (நடுவே மேகம் விலகிய அமைதியான பகுதி) திறக்காத புயலில் அகச்சிவப்புப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேலே படரும் சிரஸ் மேகம் (மிக உயரத்திலுள்ள மெல்லிய பனித்துகள் மேகம்) அடியிலுள்ள சுழற்சியை மூடிவிடும். 85–91 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைப் படத்தில் அந்த மேகத்தைத் தாண்டி மழைப்பட்டைகளும் கண்ணைச் சூழ்ந்து உருவாகிவரும் மேகச்சுவரான கண்சுவரும் தெரியும்.

அடுத்தது டுவோராக் முறை, அதாவது மேகத்தின் தோற்றத்தை வைத்துப் புயலின் வலுவைக் கணிக்கும் முறை. இது காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேக வடிவத்துக்கு ஒரு எண் (டி எண்) கொடுத்து, அதைக் காற்றாக மாற்றுகிறது. சுருள்பட்டை வடிவமென்றால் 10 டிகிரி மடக்கைச் சுருளை (மையத்திலிருந்து விலக விலக அகன்றுகொண்டே போகும் சுருள்கோடு) படத்தின்மேல் வைத்து, பட்டை மையத்தை எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். பாதிச் சுற்று இருந்தால் டி எண் 2.5, முழுச் சுற்றை நெருங்கினால் 3.5. கண் திறந்திருந்தால் கண்ணின் வெப்பநிலையையும் அதைச் சூழ்ந்த மேகவளையத்தின் குளிர்ச்சியையும் ஒப்பிட வேண்டும். கண் வெப்பமாகவும் வளையம் குளிர்ந்தும் இருந்தால் எண் ஏறும். ஆனால் வளையம் முழுதாக மூடி, போதிய அகலமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மைனஸ் 75 டிகிரி காட்டினால் அது கணக்கில் சேராது.

டி எண்ணிலிருந்து, புயலின் தற்போதைய வலுவைக் குறிக்கும் சி.ஐ. எண்ணைத் தீர்மானித்து, அதைக் காற்றாக மாற்றுங்கள்: 2.5 என்றால் 35 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்), 4.0 என்றால் 65, 5.0 என்றால் 90, 6.0 என்றால் 115, 7.0 என்றால் 140. அதிகம் பிழை நேர்வது புயல் தளரும்போதுதான். மேகம் கலைந்ததுமே டி எண் சரியும். காற்றின் சுழற்சி அவ்வளவு வேகமாக அடங்காது. அதனால் தளரும் புயலுக்கு சி.ஐ. எண்ணை டி எண்ணைவிட 0.5 முதல் 1.0 வரை உயர்த்தியே வைப்பார்கள்.

இந்த நாட் கணக்கு 1 நிமிடச் சராசரி. 10 நிமிடச் சராசரி வேண்டுமானால் திறந்த கடலில் 0.93 ஆல் பெருக்குங்கள். பழைய பதிவுகளில் 0.88 இருக்கும், இரண்டையும் கலந்தால் புயலின் வலு மாறியதுபோலப் பொய்த்தோற்றம் வரும்.

ஸ்கேட்டரோமீட்டரை (கடல்பரப்பில் பட்டுத் திரும்பும் ரேடார் எதிரொலியிலிருந்து காற்றைக் கணிக்கும் செயற்கைக்கோள் கருவி) உச்சக்காற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். 25 கிலோமீட்டர் கட்டம் ஒல்லியான கண்சுவரைச் சராசரியாக்கி விழுங்கிவிடும். பலத்த காற்றில் எதிரொலியும் மிக மெதுவாகவே கூடும். 34 நாட் காற்று எவ்வளவு தொலைவு பரவியிருக்கிறது என்று பார்க்கவே அது உதவும், அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி குறைவு. குறுகிய அலைநீளமுள்ள கே.யு. அலைவரிசைக் கருவியென்றால் மழை விழும் கட்டங்களை நீக்குங்கள். அதைவிட நீண்ட அலைநீளமுள்ள சி அலைவரிசையில் இந்தத் தொல்லை குறைவு.

உச்சக்காற்றைச் சரிபார்க்க, குறுக்குத் துருவமுனைப்பில் (அலையை ஒரு திசை அதிர்வில் அனுப்பி, அதற்குச் செங்குத்தான அதிர்வில் பெறுவது) எடுத்த சார் (SAR) எனும் நுணுக்கமான ரேடார் படம் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை. ஓரிரு கிலோமீட்டர் நுணுக்கம் அதில் உண்டு. எல் அலைவரிசை ரேடியோமீட்டர் (இயற்கையாக உமிழப்படும் நுண்ணலையை அளக்கும் கருவி) காற்றால் எழும் கடல்நுரையின் உமிழ்வை அளக்கிறது. மழை அதை அதிகம் பாதிக்காது, ஆனால் ஒரு புள்ளிக்கு 40 கிலோமீட்டர் அகலம். சிறிய புயலில் அது குறைத்தே காட்டும். கரையை ஒட்டிய புள்ளிகளில் நிலத்தின் உமிழ்வும் கலந்துவிடுவதால் அவற்றை நீக்கிவிடுங்கள்.